நாலேகால் கிலோ உபயம்

1966 ஆகஸ்ட் 15, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முந்தின இரவு பெய்த மழையில் ராஜகிரிப் பாறைகள் கழுவிவிட்டது போலக் கறுத்து நின்றன. வெயில் ஏறிவிட்டது. காற்று துளியும் இல்லை. ஏற்றிய கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. அப்போதுதான் செஞ்சி அரிசி மில்லின் நெல் காயவைக்கும் களத்தில், ஊர் பார்க்க, என்னைத் தூக்கி ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு வயது பதினொன்று.

என் வயதுக்காரர்களான நீங்கள் இப்போதெல்லாம் மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். காலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, யார் யாரை மன்னித்தாயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்கிறீர்கள். நல்லது. நான் மில்காரரை மன்னிக்கவில்லை. அவர் செத்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. அதனால் என் பக்கம் எதுவும் மாறிவிடவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து எனக்கு இரண்டு காலும் போயின. ஐந்தாம் வகுப்பு வரை அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டாள். அந்தப் பள்ளி எங்கள் தெருக்கோடியில் இருந்தது. உயர்நிலைப் பள்ளி ஊரைத் தாண்டி ஒன்றேகால் மைல். நானும் கனத்துவிட்டேன். தலைமையாசிரியர் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பையன் தானாக வந்து தானாகத் திரும்ப முடிந்தால் அடுத்த ஜூனில் ஆறாவதில் சேர்த்துக்கொள்கிறேன், தூக்கி வந்து இறக்கிவிடுவதெல்லாம் இங்கே நடக்காது. ஆகவே எனக்கு இருந்தது பத்து மாதம். அதற்குள் நான் என் கையால் ஒன்றேகால் மைல் போக வேண்டும்.

நைனா மில்லில் எடை போடுகிறவர். அதனால் ஊரில் அவருக்கு எடைக்காரர் என்றே பெயர். நான் எடைக்காரர் மகன். தன் ஆள் மகனுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கப் போவதாக மில்காரர் சொன்ன நாளிலிருந்து நைனா சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்.

நாற்காலி பட்டணத்து ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் வாங்கியது. புது ரெக்சின் வாசனை, முகம் தெரியும் நிக்கல் குழாய்கள், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் உள்ளங்கை அகலத்தில் இரண்டு குட்டிச் சக்கரம். ஒரு மணி நேரம் நான் அதை உயிராக நேசித்தேன். பிறகு மில்காரர் பலகையைக் கொண்டுவரச் சொன்னார்.

கொடுத்தவர் பெயர் இல்லாமல் நம் பக்கத்தில் எதையும் கொடுக்கிற வழக்கமில்லை என்பது உங்களுக்கே தெரியும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் பெயர் எழுதுகிறவர்கள் நாம். மில்காரர் தன் பட்டறையிலேயே கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, மஞ்சள் பூசி, சிவப்பில் ‘உபயம்’ என்று போட்டு, தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறைப் பெயரை எழுதி வைத்திருந்தார். நாற்காலியின் முதுகில் வைத்தால் அதில் உட்காருகிறவன் தலை பெயரை மறைக்கும் என்று, என் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி இரண்டு கம்பி நட்டு அதில் பொருத்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒரு திருகைக்கூட யாரும் தொடக்கூடாது என்று நைனாவிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஆடி கடைசி, அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் முழுக்கச் செஞ்சியில்தான் பஸ் மாறும். மில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. பகல் பதினொரு மணிக்கு மில்காரர் ஆள் அனுப்பி என்னை நாற்காலியோடு மில் வாசலுக்கு வரவழைத்தார். சும்மா கொஞ்ச நேரம் வெளியே காற்றாட இருக்கட்டும், பையன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான் என்றாராம். என்னை ரோட்டுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்கள். பலகை ரோட்டைப் பார்க்க வேண்டுமல்லவா.

ஜனங்கள் பலகையைப் படித்தார்கள். படித்தவர்கள் முன்னால் வந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவி என் மடியில் ஐந்து பைசாவைப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி போட்டாள். நான் பிச்சைக்காரன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வரை இருபத்து மூன்று காசு விழுந்தது. மில்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து என் மடியைப் பார்த்தார்.

"இன்னாடா எடைக்காரன் மவனே, வசூல் ஜோராத்தான் இருக்குது. எனக்குப் பாதி குடுத்துடு."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். நைனா சிரித்ததுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் ஆள் வந்தான்.

நாற்காலியால் பள்ளிக்குப் போக முடிந்ததா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவைக்கூடத் தாண்ட முடியவில்லை. செஞ்சித் தெருக்கள் அப்போது மணலும் கருங்கல் சில்லும் மாட்டுவண்டித் தடமும். அந்தக் குட்டிச் சக்கரம் ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தது. மணலில் இறங்கினால் புதைந்து பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். எங்கள் வீட்டு நிலைப்படியின் அகலம் இருபத்தேழு அங்குலம், நாற்காலி இருபத்தெட்டரை. அது இரவில் வெளியே நின்றது, நான் உள்ளே தவழ்ந்தேன். இன்னொன்றும் உண்டு. அந்த நாற்காலி கால் கனக்கிற மனிதனுக்குச் செய்தது. என் கால்கள் இரண்டும் சேர்ந்து ஒரு முருங்கைக்காய்க் கட்டு அளவுதான் இருக்கும். முன்னால் எடையே இல்லை, பின்னால் தலைக்கு மேல் இரும்புப் பலகை. மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், தெருப் பையன்கள் தள்ளிக்கொண்டு போய் விட்ட கோட்டை ரோட்டு மேட்டில், நானே உந்தப் பார்த்தபோது முழுக்கத் தூக்கிவிட்டது. பின்மண்டை கல்லில் அடித்தது. ஏழு தையல். குட்டிச் சக்கரம் ஒன்று கழுத்தோடு முறிந்தது.

மில்காரர் வீட்டுக்கே வந்தார். என் தலைக்கட்டைப் பார்க்கவில்லை. முறிந்த சக்கரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் குடுத்த பொருளை இவன் வேணும்னே கவுத்திருக்கான். குரங்குச் சேட்டை. இதுங்களுக்கு நல்லது செஞ்சா இதுதான்."

நைனா கைகட்டி நின்று, ஆமாம் முதலாளி, விளையாட்டுப் புத்தி முதலாளி என்றார். நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து மில்லிலிருந்து வந்த நைனா, சட்டையைக் கழற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "பலகையை மட்டும் தனியா தராசுல வெச்சுப் பார்த்தேன். நாலேகால் கிலோ." அவ்வளவுதான். தன் வாழ்நாளில் அவர் முதலாளிக்கு எதிராகச் சொன்னது அந்த ஒரு எடைதான்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. படுக்கையில் கிடந்தபடி அந்த நாற்காலி எனக்குச் செய்த ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டேன். முன்சக்கரம் சின்னதா? பெரிதாகவும் அகலமாகவும் இருக்கட்டும். காலுக்கு நெருக்கமாக இருக்கிறதா? ஒரு முழம் முன்னே தள்ளி நிற்கட்டும். உடைந்தால் பட்டணம் போக வேண்டுமா? செஞ்சியில் கிடைக்காத சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நிலைப்படிக்குள் நுழைய வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல எண்ணத்தில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. அவர் முகத்துக்கு எதிரே தானாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஒரே வெறிதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய், பையன்களுக்கு அரை சைக்கிள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார். வாய் ஓயாதவர், கோபக்காரர், தன்னை விட்டால் ஜில்லாவிலேயே மெக்கானிக் கிடையாது என்ற நினைப்பு. கழித்துப் போட்ட இரண்டு அரை சைக்கிள் சக்கரத்தை வைத்து நான் சொன்னதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அம்மா தன் செப்புக் குடத்தை விற்றுப் பணம் கொடுத்தாள். அந்தக் குடத்தின் கழுத்தில் அவள் பிறந்த ஊர் பெயர் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும்.

முதலில் செய்தது மூன்றாம் நாளே உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தின் அச்சு வெல்லக் கம்பி போல வளைந்துவிட்டது. ரோடு சரியில்லை என்றார் பாய். அப்புறம் நான் கனம் என்றார். நான் ஒரு வாடகை சைக்கிளைக் காட்டினேன். அதில் அச்சை இரண்டு பக்கமும் கவை பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் வண்டியில் ஒரே பக்கம்தானே பிடிப்பு, ஒரு கையால் குடத்தைத் தூக்கினால் கை வலிக்காதா?

"டேய், எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் சைக்கிள் பூட்டினவன்டா."

திட்டிவிட்டு, அரை மணி கழித்து அவரே பழைய இரும்புக் கடைக்குப் போய், விரல் தடிமனில் ஒரு தண்டும் நாலு பேரிங்கும் கொண்டுவந்தார். எங்கிருந்து வந்த தண்டு என்று விசாரித்தேன். அரிசி மில்லில் கழித்துப் போட்டதாம். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? முன்சக்கரம் வேப்பமரத்தில் கடைந்து, மேலே லாரி டயர்ப் பட்டையை ஆணி அடித்தோம். நாலு விரல் அகலம். மணலில் படகு போல மிதந்தது. எல்லாம் போல்ட் போட்டு இறுக்கியது, எந்தக் கடைப் பையனும் கழற்றி மாட்டலாம். அகலம் இருபத்தைந்து அங்குலம். மார்கழி பிறந்தபோது நான் உயர்நிலைப் பள்ளி வாசல் வரை தனியாகப் போய்த் திரும்பினேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து உடைந்தன. தலைமையாசிரியர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, ஜூனில் வா என்றார்.

இத்தோடு விட்டிருக்கலாம் என்பீர்கள். நான் விடவில்லை.

ஜனவரி 26 அன்று மில் களத்தில் மறுபடி விழா. பழைய நாற்காலிக்குப் புதுக் குட்டிச் சக்கரம் மாட்டி, அதே பலகையோடு, வல்லத்திலிருந்து வந்த ஏழு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறார்கள். பலகைக்குப் புது மஞ்சள் அடித்திருந்தது. அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்து வீறிட்டு அழுது அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் காத்திருந்தார். மில்காரர் முகம் சிவந்தது. நான் என் வண்டியை ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்தேன்.

"முதலாளி, நீங்களே உக்காந்து கொடிமரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. அது பயம் தெளிஞ்சு உக்காந்துடும்."

களம் தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகப் போட்டது என்று எனக்குத் தெரியும். கொடிமரம் மேட்டுப் பக்கம். என் ஏழு தையலில் நான் படித்த பாடம் அது: மேட்டைப் பார்த்து ஒரு உந்து உந்தினால் அந்த நாற்காலி என்ன செய்யும் என்று. கூட்டத்தில் நாலு பேர், ஆமா முதலாளி, காட்டுங்க முதலாளி என்றார்கள். போட்டோக்காரரும் நல்ல படமாக இருக்கும் என்றார். மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஊருக்குத் தன் பலத்தைக் காட்டுகிற மாதிரி, ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினார்.

முன்சக்கரம் மேலே போனது. பலகை பின்னால் இழுத்தது. அவர் வாய் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே போய் விழுந்தார். முதலில் சிரிப்புதான் எழுந்தது, களம் முழுக்க. அதன் பிறகுதான் அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்தது. பக்கவாட்டில் உருண்டு விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வீட்டில் நைனா என்னை அடித்தார். நான் அழவில்லை. பிறகு வல்லத்துப் பெண்ணுக்குப் பாய் சின்ன அளவில் ஒன்று செய்தார். அவள் அப்பன் கூலிக்கு ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து போட்டான்.

கட்டுப் போட்டு இரண்டு மாதம் கிடந்தும் மில்காரருக்குக் கால் ஊன வரவில்லை. தான் வாங்கிய நாற்காலி தன் வீட்டு நிலைப்படியிலேயே நுழையாது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளறையில் கிடந்தார். வெளியே மில் ஓடியது. அவர் கண் இல்லாத மில்லில் தவிட்டு மூட்டை தினம் குறைந்தது. படுத்தபடியே எனக்கு ஒன்று செய்தார். பள்ளிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். பள்ளித் தாழ்வாரத்தில் சக்கர வண்டி ஓட்டினால் மற்ற பிள்ளைகள் காலில் ஏறும், அனுமதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, கமிட்டி சொன்னால்தான் இனி முடியும் என்று கைவிரித்தார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் மில்காரர் சம்சாரம் நைனாவையும் என்னையும் வீட்டுக் கொல்லைப் பக்கம் வரச் சொன்னார். எனக்குத் தட்டில் அதிரசம் வைத்தார். என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அதே மாதிரி, பெரிதாக, தன் வீட்டுக்காரருக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். நேராகப் போய்க் கேட்டால் பாயும் செய்வார், ஆனால் அளவெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

"எவ்ளோ ஆனாலும் குடுத்துடறேன்பா" என்றார் அந்த அம்மாள்.

"பணம் வேணாம்மா. நானே குடுக்கறேன். என் உபயம்."

நைனா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"உபயம்னா பேர் போடணும்மா. பின்னாடி, தலைக்கு மேல தெரியற மாதிரி."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஸ்கூல் விஷயம் எனக்குத் தெரியும். நான் சொன்னா அவரு கேப்பாரு. நாளைக்கே உன் சீட்டு நடந்துடும். அந்தப் பலகையை மட்டும் வுட்டுடு. சீட்டா, பலகையா? நல்லா யோசிச்சு சொல்லு."

"சீட்டுன்னு சொல்லுடா" என்றார் நைனா. அவர் குரல் கெஞ்சியது. நான் ஏழு மாதமாக ஆசைப்பட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி, அம்மிக்கல், காயும் வடகம், எல்லாவற்றையும் பார்த்தேன்.

"பலகை" என்றேன்.

வண்டியை நன்றாகவே செய்தேன். பாய் என்னைப் பைத்தியம் என்றார். நூறு ரூபாய் கேட்டாலும் கொடுப்பார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கனத்துக்குத் தண்டை இன்னும் தடிமனாகப் போட்டோம், சக்கரத்துக்கு முழு சைக்கிள் ரிம். பலகையை மெல்லிய தகரத்தில் வெட்டச் சொன்னேன். கால் கிலோகூட இல்லை. வண்டி கவிழ்ந்துவிடக் கூடாது. அவர் அதில் நெடுநாள் உட்கார வேண்டும். மஞ்சளில் சிவப்பாக எழுதினோம்: ‘உபயம்: எடைக்காரர் மகன், செஞ்சி.’

மில்காரர் தொடமாட்டேன் என்றார். சித்திரை, வைகாசி முழுக்க வண்டி சைக்கிள் கடை வாசலில் நின்றது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார்கள், பாய் சலிக்காமல் சொன்னார். நைனாவை வேலையை விட்டு நீக்கவில்லை. மூட்டை எடை தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜூன் வந்தது, பள்ளி திறந்தது, சேர்க்கை முடிந்தது. ஆனி நடுவில் மில் கணக்குப்பிள்ளை பதினெட்டு மூட்டை அரிசியோடு காணாமல் போனான். அதற்கு மறுநாள் மில்காரர் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துவரச் சொன்னார்.

அமாவாசைக்கு அவர் மில் வாசலில் அதில் உட்கார்ந்திருந்தார். பலகை மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார். மேல்மலையனூர்க் கூட்டத்துப் பிள்ளைகள் துண்டைத் தூக்கித் தூக்கிப் படித்தன. நான் எதிரே சைக்கிள் கடையில் காலையிலிருந்து இருட்டும் வரை காத்திருந்தேன். யாராவது ஒருவர் அவர் மடியில் ஒரு காசு போடுவார்கள் என்று. யாரும் போடவில்லை. தங்க மோதிரம் போட்டவன் சக்கரத்தில் உட்கார்ந்தாலும் ஜனங்களுக்கு அவன் பிச்சைக்காரனாகத் தெரிவதில்லை. போகப் போக அவர் துண்டு போடுவதையும் விட்டுவிட்டார். ஒன்பது வருடம் ஓட்டினார். இரண்டு தடவை டயர்ப் பட்டைதான் மாற்ற வேண்டியிருந்தது.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1968 ஜூனில். கமிட்டிக்கு வேறு தலைவர் வந்திருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது, பக்கத்தில் உட்கார்ந்தவன் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தவன். இடையில் அந்த ஒரு வருடம் முழுக்க பாய் கடையில் வாடகை சைக்கிள்களுக்கு மணி பார்த்துச் சொல்லிக்கொண்டு, வாரக் கூலியில் மில்காரர் வண்டிக்குப் பட்ட கடனைக் கழித்தேன். சீட்டைக் கேட்டிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும் என்று அம்மா சாகும் வரை சொன்னாள். சரிதான். வண்டி ஐம்பத்தேழு ரூபாய் அறுபது பைசா, பலகையும் எழுத்துக் கூலியும் நாலு ரூபாய் இருபத்தைந்து பைசா. ஆக அந்த உபயத்துக்கு நான் கொடுத்தது ஒரு வருடமும், அறுபத்தொரு ரூபாய் எண்பத்தைந்து பைசாவும்.